அணியத்தில் கை வைக்காதே

9 ஜூன் 2024

சுஜின் அண்ணனுக்கு,

நம்முடைய வள்ளத்தை உடைத்தவன் நீ. வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முந்திய அந்தச் செப்டம்பரில் அப்பாவும் நீயும் விடிகாலையில் கரையேறினீர்கள். வள்ளத்தின் முன்முனை, அணியம், பிளந்து கிடந்தது. தூண்டில் வளைவுக் கல்லில் இடித்துவிட்டது என்று சொன்னீர்கள். கடலரிப்பைத் தடுக்க அரசாங்கம் அந்தக் கல்லைக் கடலுக்குள் கொட்டிய நாளிலிருந்து அப்பா அதைச் சுற்றித்தான் போய்வந்தார். அவர் போய் இடிப்பாரா? என்ஜின் உன் கையில்தான் இருந்திருக்கும்.

அடுத்த ஜூனில் நீ துறவியாகப் போய்விட்டாய். அதற்கடுத்த வருடம் அப்பா குடித்துக் குடித்துப் போய்ச் சேர்ந்தார். வள்ளம் வீட்டுக்குப் பின்னால் தென்னை மூட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. அதனடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது.

நீ சுகமா? மலையில் குளிர் கடுமை என்று அம்மா கவலைப்படுகிறாள். அவளுக்கு முட்டுவலி கூடியிருக்கிறது. மீன் கூடையோடு பஸ் ஏற முடியவில்லை. நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். ஆங்கிலப் பள்ளி என்று பெயர், பிள்ளைகளின் கக்கூஸையும் டீச்சர்தான் கழுவ வேண்டும். மாட்டேன் என்றேன். போகச் சொல்லிவிட்டார்கள்.

அதனால் வள்ளத்தை நானே சரிசெய்யப் போகிறேன். ஃபைபர் வேலை எனக்குத் தெரியாது. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரக் கிழவன் தன் படகை ஒட்டிக் காட்டுகிறான், பார்த்துவிட்டேன். இசபெல் மைனியும் சேர்கிறாள். கப்பல் மோதி அவள் மாப்பிள்ளை ஜெரிஷ் அண்ணன் செத்தபிறகு அவள் வடசேரிச் சந்தையில் அடுத்தவர் மீனை விற்றுக்கொண்டிருக்கிறாள். வள்ளம் இறங்கினால் ஓட்ட ஆள் கிடைக்கும், வள்ளத்துக்கு ஒரு பங்கு வரும், மீனை அவள் விற்பாள்.

ஜஸ்டஸ் சித்தப்பா நேற்று வந்து பார்த்தார். “ஏட்டி, மாப்பிள கெடைக்கல்லன்னு வள்ளத்தக் கெட்டப் போறியா?” என்று சிரித்தார். “வள்ளம் குடிக்காதுல்லா சித்தப்பா” என்றேன்.

அப்பா ஒட்ட எந்த ரெசின் வாங்குவார், கண்ணாடிநார் மேட் எத்தனை அடுக்கு போடுவார், தெரிந்ததை எழுது. அம்மா உன்னை விசாரித்தாள்.

உன் தங்கை
டெல்சி


30 ஜூன் 2024

அன்புத் தங்கை டெல்சிக்கு,

ஆண்டவரின் சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். நான் நலம். அம்மாவின் முட்டுவலிக்காகத் தினமும் செபிக்கிறேன். நீ அவளை டாக்டரிடமும் கூட்டிப்போ.

நவதுறவகத்தில் பயிற்சி நடக்கும் இந்த ஒரு வருடமும் எங்களுக்குப் போன் கிடையாது. மாதம் ஒரு கடிதம் எழுதலாம். வருவதையும் போவதையும் எங்களுக்குப் பொறுப்பான சாமி திறந்து படிப்பார். அது இங்கே ஒழுங்கு. ஆகவே பார்த்து எழுது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு, “உன் தங்கை வக்கீலுக்குப் படிக்கிறாளா?” என்று கேட்டார்.

நீ எழுதியது சரி. தவறு என்னுடையதுதான். கவனக்குறைவாகக் கல்லில் இடித்துவிட்டேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் வள்ளத்தை விட்டுவிடு. ஒருமுறை அடிபட்ட ஃபைபரை நம்ப முடியாது. செய்தே தீருவேன் என்றால் அமரத்தைப் பார். என்ஜின் மாட்டுகிற அந்தப் பின்பலகை உளுத்திருக்கும், அதை மாற்று. அணியத்தில் கை வைக்காதே. அங்கே அப்பா நன்றாக ஒட்டியிருக்கிறார். சுரண்டினால் பலம் போய்விடும். மேலே பெயின்ட் அடித்தால் போதும்.

இசபெல் மைனியை எதற்கு இதில் இழுக்கிறாய்? நம் பங்குக் கோவிலில் விதவைகளுக்குத் தையல் சொல்லித்தருகிறார்களே, அங்கே சேர்த்துவிடு.

செபத்தில் உங்களை மறவாத
சுஜின்


21 ஜூலை 2024

அண்ணனுக்கு,

இங்கே சுகம். அம்மாவுக்கு ஊசி போட்டிருக்கிறது. இதைத் திறக்கும் சாமிக்கும் வணக்கம், நான் வக்கீலுக்குப் படிக்கவில்லை.

தார்ப்பாய் கட்டி மழைக்குள்ளேயே வேலை தொடங்கினோம். வாடகைக்கு எடுத்த கிரைண்டரால் பழைய பெயின்டை உரித்தால் கண்ணாடித் தூள் பறக்கிறது. கழுத்து, முழங்கை, கண்ணிமை எல்லாம் அரிப்பு. அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தேய்க்கிறேன். “ததேயுஸ் மாமா எழும்பி வந்தது போலயே இருக்கு, போய் ஒரு குவாட்டர் வாங்கிக் குடி” என்றாள் மைனி.

முதல் நாள் ரெசினில் ஹார்ட்னரைக் கூடுதலாக விட்டேன். கூட விட்டால் கெட்டியாகப் பிடிக்கும் என்று நினைத்தேன். தகரத்திலிருந்து புகை வந்தது, பிரஷ்ஷோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. மைனி அதைத் தூக்கிப் பார்த்து, “கமிட்டிக்காரன் எவன் தலையிலயாவது போடலாம்” என்றாள். அடுத்து, மழை ஈரத்தில் ஒட்டிய மேட் மறுநாள் அப்பளம்போலக் கிளம்பி வந்தது. வெயில் அடித்துக் காய்ந்த பகலில்தான் ஒட்ட வேண்டும் என்று அதற்குப் பிறகு தெரிந்தது. நீ சொன்னது சரிதான், அமரப் பலகை டீயில் ஊறிய ரஸ்க்கைப்போல விரலோடு வந்தது. மாற்றியாகிவிட்டது.

ஊர்க் கமிட்டியிலிருந்து எட்சன் வந்தார். “எறங்குங்கட்டி. பொம்பள ஏறுன வள்ளத்துல எவன் கடலுக்குப் போவான்?” என்றார். “நாங்க மீன் நாத்தத்தோட ஏறுன பஸ்ஸுல நீங்க ஏறுறியள்லா அண்ணே” என்று மைனி கேட்டாள். போய்விட்டார். மறுபடியும் வருவார்.

மைனியின் மனு நகரவே இல்லை. மோதிய கப்பலின் பெயர் இல்லாமல் நஷ்டஈடு கிடையாது என்று அதே பதிலைச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தச் செப்டம்பரில் நாம் ரோட்டை மறித்து உட்கார்ந்தது உனக்கு நினைவிருக்கும். “கப்பலைப் பிடி, கேப்டனைக் கைது செய்” என்று கோஷம். அப்பா முன்வரிசையில் இருந்தார். ஜெரிஷ் அண்ணன் படம் போட்ட ஃப்ளெக்ஸின் ஒரு கம்பை நீ பிடித்திருந்தாய். கத்திக் கத்தி எனக்கு ஒரு வாரம் குரல் வரவில்லை. நம்மைப் போன்றவர்களின் வள்ளத்தை இடித்துவிட்டுப் போகிற கப்பலுக்கு மட்டும் பெயரே கிடையாது.

இனி அணியம். நீ வேண்டாம் என்கிறாய். ஆனால் அங்கே பெயின்ட் கொப்பளித்திருக்கிறது, தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறது. உரித்துத்தான் ஆக வேண்டும்.

டெல்சி


15 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

மாதா உங்களைக் காக்கட்டும். நான் நலம். உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத அனுமதி கேட்டேன், மாத முறைதான் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் தாமதம்.

அணியத்தை உரித்துவிட்டாயா? இல்லையென்றால் அப்படியே நிறுத்து. நான் யோசித்துப் பார்த்தேன், விற்றுவிடுவதுதான் நல்லது. என் கூட்டாளி பெனினிடம் சொல், பழைய ஃபைபர் வாங்குகிற ஆட்களை அவனுக்குத் தெரியும். வெளிமாவட்டத்துக்குக் கொண்டுபோகிறவர்களாகப் பார். வந்த விலைக்குக் கொடு.

மைனி தினமும் வருகிறாளா? கிரைண்டர் பிடிப்பது நீ மட்டுமா, அவளுமா?

இங்கே என்னை முயல் கூண்டுக்குப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள். இந்த மலையில் கடல் சத்தம் கேட்பதில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உனக்குத் தெரியாது. அம்மாவின் உடம்பைப் பற்றி எழுது.

சுஜின்


8 செப்டம்பர் 2024

சுஜின் அண்ணனுக்கு,

அம்மா சுகம். உன் சுகத்தை விசாரிக்க இன்று எனக்கு மனம் வரவில்லை.

விற்கச் சொல்லி நீ இவ்வளவு அவசரப்பட்டு எழுதியதால்தான் அன்றே உரித்தேன். மேலே பெயின்ட். அதனடியில் அப்பா போட்ட மேட், மடிப்பு மடிப்பாக, ரெசின் கூடச் சரியாக ஊறாமல். அப்பா ஒருநாளும் அப்படி வேலை செய்தவர் இல்லை. அதற்கும் அடியில் கிழிந்த நாருக்கிடையே ஒரு மரச்சிம்பு குத்தி நின்றது. ப்ளைவுட். ஒரு பக்கம் ரோஸ் பெயின்ட்.

நம் துறையில் ரோஸ் வள்ளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மைனி வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சியதை ஜெரிஷ் அண்ணன் தன் சின்ன ப்ளைவுட் வள்ளத்துக்கு அடித்தார். அவர் கணவாய் மீன் பிடித்துக்கொண்டு வரும்போது, “கல்யாணப் பொண்ணு வருது, வழிவிடுங்கலே” என்று கரையே கூப்பாடு போடும். நீயும் போட்டாய்.

நான் உரிக்கும்போது மைனி மறுபக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிம்பைப் பிடுங்கி அப்பாவின் சட்டைப் பைக்குள் போட்டேன்.

“என்னட்டி, கையக் கிழிச்சிட்டியா?”

ஆமாம் என்றேன். எழும்பி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். காயம் எங்கும் இல்லை. “நாடகக்காரி” என்று தலையில் தட்டிவிட்டுப் போனாள்.

தூண்டில் வளைவுக் கல்லுக்கு ரோஸ் பெயின்ட் அடித்தது யார்? பதில் எழுது.

டெல்சி


13 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

செப்டம்பர் மாதத்துக்கான உன் கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் அதையாவது எழுது.

அணியத்தின்மேல் சாக்குப் போட்டு மூடிவைத்திருக்கிறேன். மைனி தினமும் வந்து கேட்கிறாள். கடையில் ரெசின் இல்லை என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சிம்பைக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒரே ஒருமுறை பார்த்தாள், கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

“கப்பல்னு ஊரே பறஞ்சாச்சு மக்களே. கப்பலாவே இருக்கட்டும்.”

“ஒனக்குத் தெரியுமா அம்மா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்க மவன் கடவுளுக்க வேலைக்குப் போயிருக்கான். நீ அதக் கெடுத்திராத.”

நீங்கள் வேண்டுமென்று இடித்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. சின்ன வள்ளம், விளக்கு இல்லை, பார்த்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு தூரம் எனக்குப் புரிகிறது. அதற்குப் பிறகு ரோட்டில் வந்து உட்கார்ந்தீர்களே, அதுதான் புரியவில்லை. நாங்கள் எல்லாரும் கடலில் உயரமாக ஒரு கப்பலைத் தேடிக்கொண்டிருந்தோம். நம் துறை வள்ளம் ஒன்று அடிபட்டுக் கிடப்பதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பார்த்த திசையையே கைகாட்டினீர்கள். கப்பல்கள் நம் ஆட்களை இடித்துக் கொன்றது பொய்யில்லை. நாளைக்கு மறுபடியும் ஒன்று இடித்தால் நம்மை எவன் நம்புவான்?

மைனி இன்னும் இல்லாத ஒரு கப்பலின் பெயரைக் கேட்டு ஆபீஸ் படி ஏறிக்கொண்டிருக்கிறாள்.

டெல்சி


2 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

இறந்தோர் எல்லாரையும் நினைக்கும் நாள் இது. அப்பாவுக்காகப் பூசையில் வேண்டிக்கொண்டேன். வேறு ஒருவருக்காகவும் வேண்டிக்கொண்டேன். காய்ச்சலில் படுத்திருந்தேன், இப்போது பரவாயில்லை.

உன் இரண்டு கடிதங்களையும் சாமி படித்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. செபிக்கச் சொன்னார்.

நான் ஒரு சாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெற்றாகிவிட்டது, டெல்சி. இங்கே வருவதற்கு முன்பே செய்துவிட்டேன். அதன்பிறகு அது எனக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது. அப்பாவையும் தவறாக நினைக்காதே. என்ஜின் அவர் கையில் இருந்தது. நான் அணியத்தில் உட்கார்ந்திருந்தேன். இருட்டு. எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

மே மாதம் எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாக்குக் கொடுக்கும் நாள். அம்மா உயிரோடு இருப்பது அதைப் பார்ப்பதற்குத்தான். இசபெல் மைனிக்கு இனி எது தெரிந்தாலும் ஜெரிஷ் அண்ணன் திரும்பி வரப்போவதில்லை. அணியத்தை ஒட்டி மூடிவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சுஜின்


24 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

உன் காய்ச்சல் குறைந்தது நல்லது.

கடவுள் மன்னித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அவருடைய மாப்பிள்ளையா செத்தது? மைனி வீடு நம் வீட்டிலிருந்து கல்லெறி தூரம். அங்கே போகப் பயந்துகொண்டு மலைமேல் போய் மன்னிப்பு வாங்கியிருக்கிறாய்.

சென்ற வாரம் மைனியும் நானும் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கும் மீனும் தின்றுகொண்டிருந்தோம். அவளாகவே பேச ஆரம்பித்தாள். நாலாம் நாள் உடல் ஒதுங்கியதே, போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் அவளிடம் சொன்னாராம், தலையில் அடி இல்லை, எலும்பு எதுவும் முறியவில்லை, தண்ணீர் குடித்துத்தான் செத்திருக்கிறார் என்று. அப்படியென்றால் இடித்தபிறகும் அவருக்கு உயிர் இருந்திருக்கிறது.

“கப்பல்காரனுக்கு அவரு சத்தம் கேட்டிருக்காது மக்கா. அது எம்மாம் ஒயரம். நம்ம சர்ச்சு கோபுரத்த விடப் பெருசு. அடியில ஒரு மனுசன் கெடந்து கத்துனா அவனுக்கு என்ன தெரியும்? அதனால நான் அவன மன்னிச்சிட்டேன். கேஸு வேற, மன்னிப்பு வேற.”

என் கிழங்கை நாய்க்குப் போட்டேன். நம் வள்ளத்தின் விளிம்பு தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம் என்று உனக்குத் தெரியும். உட்கார்ந்துகொண்டே கையை நனைக்கலாம். நீ அணியத்தில் இருந்தாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு நொடியில் முடிந்ததாகவும் எழுதியிருக்கிறாய். உங்களுக்கு முடிந்திருக்கும்.

ஜெரிஷ் அண்ணன் கூப்பிட்டாரா? ஒரு வரி போதும்.

டெல்சி


5 ஜனவரி 2025

அன்புத் தங்கை டெல்சிக்கும் அம்மாவுக்கும்,

கிறிஸ்து பிறப்பு, புத்தாண்டு வாழ்த்துகள். நான் நலம். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் அதிகம். முயல்கள் குட்டி போட்டிருக்கின்றன, இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. குடிலுக்கு நான் வைக்கோல் வேய்ந்தேன், சாமி பாராட்டினார். வார்த்தைப்பாட்டுக்கு நீங்கள் இருவரும் வர வேண்டும். பஸ் விவரம் பின்னால் எழுதுகிறேன்.

செபத்தில்
சுஜின்


9 மார்ச் 2025

அண்ணனுக்கும், இதைத் திறந்து படிக்கும் சாமிக்கும்,

இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

வைக்கோல் வேய்ந்ததை எழுத உனக்குக் காகிதம் இருந்திருக்கிறது. சாமி அவர்களே, நீங்கள் ரோஸ் சிம்பு விஷயத்தைச் செப்டம்பரிலேயே படித்துவிட்டீர்கள். ஒரு விதவை மூன்றரை வருடமாக ஆபீஸ் ஆபீஸாக அலைவதையும் படித்தீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதற்குத்தான் முத்திரை, அதைத்தான் வெளியே சொல்லக் கூடாது. இது தபாலில் வந்தது. இதற்கு எந்த முத்திரை?

மைனியிடம் சொல்லிவிட்டேன். சாக்கை எடுத்துவிட்டு அணியத்தைக் காட்டினேன், சிம்பை அவள் கையில் கொடுத்தேன். அவள் அழவில்லை. கிழிந்த ஃபைபருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள், நார் குத்தி ரத்தம் வந்தது. “ஒனக்கு எப்போ தெரியும்?” என்றாள். செப்டம்பரில் என்றேன். “ஆறு மாசம் என்னோட உக்காந்து சாப்பிட்டிருக்க” என்றாள். செருப்பை வள்ளத்தடியில் விட்டுவிட்டே போய்விட்டாள்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. தனியாகப் பொங்கித் தின்கிறாள். எட்சனுக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. கமிட்டியிலிருந்து வந்து, கப்பல் மோதியது என்று ஊர் ஏற்கனவே தீர்மானம் போட்டாகிவிட்டது, அதற்கு எதிராகப் பேசினால் குடும்பத்தை ஊர் விலக்கிவைக்கும் என்று சொன்னார்கள். மைனி வீட்டுக்கும் போய் அதையே சொன்னார்கள்.

நாலாம் நாள் மைனி செருப்பை எடுக்க வந்தாள். வாசலில் நின்று என்னிடம் ஒன்று கேட்டாள். நவம்பரில் நான் உன்னிடம் கேட்டதேதான். எனக்குத் தெரியாது, எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்றேன்.

உன் வார்த்தைப்பாட்டுக்கு நான் வரவில்லை.

டெல்சி


21 செப்டம்பர் 2025

தம்பி சுஜினுக்கு இசபெல் எழுதுவது,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன். இதற்குமுன் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை. முகவரி தப்போ என்று டெல்சியிடம் கேட்டேன், சரிதான் என்றாள்.

வார்த்தைப்பாடு முடிந்து நீ வெள்ளை அங்கியில் நிற்கும் படத்தை உன் அம்மா கொண்டுவந்து காட்டினாள். என் காலைப் பிடித்தாள். கேஸ் கொடுப்பாயா என்று கேட்டாள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். அது உண்மை. கொடுத்தால் டெல்சியையும் சேர்த்து ஊர் ஒதுக்கும். கொடுக்காவிட்டால் நான் என் மாப்பிள்ளையைக் கப்பலுக்குக் கொடுத்தவளாகவே சாவேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னிடம் யோசனை கேட்கவில்லை.

கப்பல்காரனை மன்னித்தேன், அவனுக்குக் கேட்டிருக்காது என்பதால். உன்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு நல்ல நீச்சல் தெரியும். நல்ல தொண்டை. துறையில் நின்று அவர் கூப்பிட்டால் நான் வீட்டுக்குள்ளிருந்து பதில் சொல்வேன். தண்ணீரில் கிடந்து உன்னைக் கூப்பிட்டாரா? யாரென்று தெரிந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாரா? வள்ளத்தைத் திருப்பினீர்களா, திருப்பாமல் வந்தீர்களா? எவ்வளவு தூரம் வரைக்கும் சத்தம் வந்தது?

இப்போது உனக்குப் போன் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். என் நம்பர் கவரின் பின்பக்கம் இருக்கிறது. காலையில் சந்தைக்குப் போய்விடுவேன், மத்தியானத்துக்குமேல் வீட்டில் இருப்பேன். பேச முடியாவிட்டால் எழுது. யாரிடமும் காட்ட மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவர் கூப்பிட்டாரா, இல்லையா, சொல்.

இசபெல்